கேமுக்கு மட்டும் தெரியாத வெற்றி

போன வாரம் உங்கள் முதலாளி சிவகுமார் போன் செய்தார். "புதுசா ஏழெட்டுப் பேர் சேர்ந்திருக்காங்கக்கா. வந்து ஊக்கமா நாலு வார்த்தை பேசிட்டுப் போங்க" என்றார். ஊக்கமாகப் பேச எனக்கு வராது. இந்தக் கணினி விளையாட்டுத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் நான் பயந்துகொண்டேதான் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் வயிறு சரியானது என்று என் கணவர் சொல்வார். அதனால் பயத்தைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறேன். உங்களுக்கு அதுதான் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் வேலைக்கு விண்ணப்பித்தபோது அனுப்பிய மாதிரி விளையாட்டுகளைப் பார்த்தேன். எல்லாரும் ஆரம்பத்தை அழகாகச் செய்திருக்கிறீர்கள். இருட்டாக இருக்கும் வரைபடம் மெல்லத் திறப்பது, முதல் ஊரை எங்கே வைப்பது என்று யோசிக்க வைப்பது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத தவிப்பு, எல்லாம் நன்றாக இருந்தன. ஒருவர்கூட முடிவைச் செய்து அனுப்பவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். முடிவைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் வரும்போது நாள் குறைவாக இருக்கும், எல்லாரும் களைத்திருப்பார்கள், எதைத் தொட்டாலும் வேறொன்று கழன்று விழும்.

'கணவாய்' உருவான நாட்களில் நடந்தது இது. அந்த விளையாட்டு உங்களுக்குத் தெரியும். ஆனால் அது முதலில் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்காது. ஆடுபவர் கொங்கில் ஒரு சின்ன நாட்டுக்குத் தலைவர். சுற்றிலும் கணினி ஆடுகிற ஐந்து நாடுகள். முறை வைத்து, டர்ன் டர்னாக ஆடுவது. உங்கள் முறை வரும்போது ஏரி வெட்டலாம், மேய்ச்சல் நிலம் பிடிக்கலாம், பொதிமாடுகளைப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வணிகத்துக்கு அனுப்பலாம், பக்கத்து நாட்டோடு உறவு வைக்கலாம், சண்டை போடலாம். முடித்ததும் திரையின் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் மற்ற ஐவரும் தங்கள் முறையை ஆடுவார்கள். அப்போது அதில் மூன்று காலங்கள் இருந்தன. ஏரியும் மாடும் உள்ள காலம், அடுத்து வணிகக் காலம், கடைசியில் கோட்டையும் பீரங்கியும் வருகிற காலம். ஐந்து நாடுகளின் தலைமை ஊர்களையும் பிடித்தால் வெற்றி.

பீளமேட்டில் ஒரு மாடியில் நாங்கள் இருந்தோம். விளையாட்டு ஓரளவு ஓடத் தொடங்கியதும் வெளியாட்களை வரவழைத்து ஆடவிட்டு, பின்னால் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. பல்லடத்திலிருந்து ஒரு பல் மருத்துவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். இந்த வகை விளையாட்டுகள் என்றால் அவருக்கு உயிர். முதல் காலத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஆடினார். வைத்த டீ ஆறிப்போனது. வணிகக் காலத்தில் திரையோடு வாய்விட்டுப் பேசினார். மூன்றாம் காலம் வந்ததும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இடது கையில் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே வலது கையால் மூலைப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"அப்புடி இல்லீங்க. நான் ஜெயிச்சு ரொம்ப நேரமாச்சு. கேமுக்குத்தான் இன்னும் தெரியல. அது தெரிஞ்சுக்கற வரைக்கும் அழுத்திட்டு இருக்கறேனுங்க" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் மற்றவர்கள் ஆடிய பதிவுகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். எல்லாரிடமும் அதே இடம். ஒருவரிடம் சற்று முன்னால், ஒருவரிடம் சற்றுப் பின்னால், ஆனால் எல்லாரும் நாற்காலியில் சாய்கிற நேரம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு முடிவுவரை ஆடியவர்கள் மிகக் குறைவு. பாதிப்பேர் வெற்றி உறுதியான பிறகு, வெற்றியைப் பார்க்காமலே எழுந்து போயிருந்தார்கள்.

ஏன் என்று புரிந்துகொள்ளப் பெரிய அறிவு வேண்டாம். ஏரி அதிகம் உள்ளவனுக்குத் தானியம் அதிகம். தானியம் அதிகமானால் ஆள் அதிகம், ஆள் அதிகமானால் இன்னும் நாலு ஏரி. நடுவில் ஒருவன் முந்திவிட்டால் பிறகு அவனை யாரும் பிடிக்க முடியாது. ஆனால் எங்கள் விதி, ஐந்து ஊர்களையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பிடித்தால்தான் வெற்றி என்றது. முடிவு தெரிந்த சண்டையை ஐந்து முறை போடச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சிவகுமாரிடம் சொன்னேன். நிறுவனம் அவருடையது. நல்ல மனிதர், ஆனால் எதற்கும் உடனே ஒரு தீர்வு வைத்திருப்பார். "சிம்பிள்ங்க்கா. ஒருத்தன் முந்துனா மத்த அஞ்சு பேரும் ஒண்ணாச் சேர்ந்து அடிக்கட்டும். அப்ப எப்புடிச் சாஞ்சு உக்காருவாங்க?" என்றார்.

கணினி நாடுகளுக்கு மூளை எழுதியவர் பிரபு. மதுக்கரைக்காரர், அதிகம் பேசாதவர், எனக்குத் தம்பி வயது. அவர் அதை எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு பல் மருத்துவர் வந்து ஆடினார். இந்தத் தடவை சாய்ந்து உட்காரவில்லை என்பது உண்மைதான். அவர் முந்தியதும் ஐந்து நாடுகளும் ஒரே டர்னில் அவர்மேல் பாய்ந்தன. அவர் மௌஸை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"இந்தக் கிழக்கால நாட்டுக்காரனுக்குப் பஞ்சத்துல நான் சோளம் அனுப்புனேனுங்க. அவன் எல்லையில நான் ஒரு ஆளைக்கூட நிறுத்தி வெக்கல. அவன் எதுக்குங்க என்னை அடிக்கறான்?"

"நீங்க முந்திட்டீங்க, அதனாலதாங்க" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது.

"அப்ப நான் இத்தன நேரம் பண்ணுனதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். மரியாதையாகச் சொல்லிக்கொண்டுதான் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நான் அழைத்தபோது கிளினிக்கில் கூட்டம் என்றார்.

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு சலிப்பாக இருக்கிறது என்றால் நமக்கு முதலில் தோன்றுவது ஆடுபவரைத் தண்டிப்பதுதான். பஞ்சத்தைக் கொண்டு வா, கொள்ளையரைக் கொண்டு வா, எல்லாரையும் அவர்மேல் ஏவிவிடு. அதில் பரபரப்பு வரும், ஆனால் அவர் அதுவரை எடுத்த ஒவ்வொரு முடிவையும் நாம் பொய்யாக்கிவிடுகிறோம். நன்றாக ஆடியதற்காக ஒருவரை அடிக்கிற விளையாட்டை அவர் திரும்ப ஆட மாட்டார்.

வேறு வழி என்ன என்று எனக்குத் தெரியவில்லை. வெளியீட்டு நிறுவனம் பெங்களூரில் இருந்தது. அவர்கள் ஆள் அனுப்பி, ஆடிப் பார்த்து, சரி என்றால்தான் விளையாட்டு வெளிவரும். அவர்கள் வேண்டாம் என்றால் எங்களுக்கு அடுத்த கதவு கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டு வேளையில் பிரபுவும் இன்னொருவரும் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகையில் பாதிக் காய்கள் அப்படியே இருந்தன. பிரபு திடீரென்று தன் ராஜாவைச் சாய்த்து, "போதுமுங்க, இனி ஆடி என்ன" என்று எழுந்து கை கழுவப் போனார். நான் கையில் டப்பாவோடு அப்படியே நின்றேன். செஸ்ஸில் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் யாரும் கடைசிவரை காத்திருப்பதில்லை. முடிவை அறிவிப்பது தோற்பவர். எங்கள் விளையாட்டில் தோற்பவர்களுக்கு வாயே இல்லை. ஐந்து நாடுகளும் தாங்கள் தோற்றுவிட்டோம் என்று தெரிந்தும் சொல்ல வழியில்லாமல் ஊருக்குள் உட்கார்ந்திருந்தன.

அப்படித்தான் சபை வந்தது. ஒரு நாடு தெளிவாக முந்திவிட்டால் மற்ற ஐந்தும் சபை கூட்டும். முந்தியவர் நிபந்தனைகளைச் சொல்ல வேண்டும். எவ்வளவு வரி, யாருக்கு எவ்வளவு தண்ணீர், மேய்ச்சல் நிலம் யாருக்கு, வணிகப் பாதை யார் கையில். ஒவ்வொரு நாடும் தன்னை அவர் எப்படி நடத்தினார் என்பதை வைத்து ஏற்கும் அல்லது மறுக்கும். ஐந்தும் ஏற்றால் ஆட்டம் முடிந்தது, வெற்றி. கடைசியில் ஆடுபவர் செய்ய வேண்டியது படையை நகர்த்துவதல்ல, எந்த மாதிரித் தலைவராக இருக்கப் போகிறோம் என்று முடிவு செய்வது. பிரபு கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதிப்போடலாமுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னால் ராத்தூக்கம் போச்சு என்று அர்த்தம்.

ஆனால் இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. சபை வந்தால் பெரும்பாலான ஆட்டங்கள் வணிகக் காலத்திலேயே முடிந்துவிடும். மூன்றாம் காலம் தேவையில்லாமல் போகும். அந்த மூன்றாம் காலம் முழுவதையும் வரைந்தவர் அப்பாஸ்.

அப்பாஸ் கோட்டைமேட்டுக்காரர், எங்கள் ஓவியர். ஒரு வருடத்துக்கும் மேலாக அதையே வரைந்துகொண்டிருந்தார். சங்ககிரிக் கோட்டைக்கு எத்தனையோ முறை ஏறி இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் கல் எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்த்து வரைந்தார். கோட்டைச் சுவரில் குண்டு பட்டால் எந்த இடத்திலிருந்து கல் சரியும் என்பதற்குக்கூடத் தனித்தனியாகப் படம் வைத்திருந்தார். இதை அவரிடம் வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கீழே இருந்த பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். சபையைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் காலத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டீயைக் கீழே வைத்தார்.

"அப்ப கோட்டை வராதுங்களா?"

"எடுக்கணும்னு இன்னும் முடிவு பண்ணல. சில ஆட்டத்துல வரும்."

"சில ஆட்டத்துல வந்தா யாருக்கும் தெரியாதுங்க்கா" என்றார். கோபம் இல்லை. கணக்குப் போட்டுச் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு, "சபை நல்லாத்தான் இருக்கும்போல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் அன்றைக்குத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சபை பாதி வேலையில் இருந்தபோது பெங்களூரிலிருந்து செய்தி வந்தது. அடுத்த மாதம் வருவதாக இருந்த ஆள் வருகிற புதன்கிழமையே வருகிறார். வித்யா என்று ஒரு பெண். சென்னைக்காரர். எந்த விளையாட்டையும் தானே முழுதாக ஆடிப் பார்க்காமல் கருத்துச் சொல்ல மாட்டார் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

எங்களிடம் இரண்டு பதிப்புகள் இருந்தன. பழையதில் மூன்று காலமும் உண்டு, எங்கும் நிற்காமல் ஓடும், ஆனால் கடைசியில் ஆளைத் தூங்க வைக்கும். புதியதில் சபை உண்டு. அதைக் கடைசிவரை ஆடிப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், பிரபுவும் நானும்.

புதன்கிழமை காலை சிவகுமார் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "பழசையே போடலாமுங்க. அது நடுவுல நின்னு உழுகாது" என்றார். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டார்.

நான் என்ன யோசித்தேன் என்பதை உள்ளபடி சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். புதியது நடுவில் நின்றுபோனால் அவமானம். ஆனால் அவர் பார்க்கும்படி நின்றுபோகும். என்ன கோளாறு என்று கேட்பார், நாம் பதில் சொல்லலாம். பழையது நிற்காது. அவர் இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் சாய்ந்து உட்கார்ந்து போனைப் பார்ப்பார். சாயங்காலம் நன்றாக இருக்கிறது என்று சிரித்துச் சொல்லிவிட்டு ரயில் ஏறுவார். பிறகு ஒரு மின்னஞ்சல் வரும். அதற்கு நாம் பதில் சொல்ல எதுவும் இருக்காது.

"புதுசு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"நீங்க சொல்றதுதானுங்க. ஆனா உழுந்தா எல்லாரும் சேர்ந்துதான் உழுவோம்" என்றார் சிவகுமார்.

வித்யா வந்தார். முப்பது வயது இருக்கும். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, வேறு பேச்சே இல்லாமல் ஆட உட்கார்ந்தார். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிரபு பக்கத்து அறையில் தன் கணினியில் அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் நன்றாகப் போனது. ஆனால் ஈவிரக்கம் இல்லாமல் ஆடினார். இருப்பதிலேயே சின்ன நாடு மேல்கரை. அதன் படை வழியில் நின்றது என்பதற்காக அதன் ஏரிக்கரையை உடைத்துவிட்டார். தண்ணீர் பாய்ந்து படை சிதறியது, அந்த நாடு வறண்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் கணவாயைப் பிடிக்கப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் முற்பகலில் சபை கூடியது. வித்யா நிபந்தனைகளைப் படித்தார். வரியைக் கொஞ்சம் குறைத்து, வணிகப் பாதையைத் தன் கையில் வைத்து அனுப்பினார். நான்கு நாடுகள் ஏற்றன. மேல்கரை மறுத்தது.

வரியை இன்னும் குறைத்தார். மறுத்தது. வரியே வேண்டாம் என்றார். மறுத்தது. மேய்ச்சல் நிலத்தைத் தருகிறேன் என்றார். மறுத்தது.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "சாப்பிட்டு வரேன்" என்று எழுந்தார். கதவு மூடியதும் நாங்கள் மூன்று பேரும் பிரபுவின் கணினி முன்னால் நின்றோம்.

"பக்குங்களா? புரோகிராம்ல தப்புங்களா?" என்று கேட்டார் சிவகுமார்.

"தெரியலீங்க. எங்கியோ ஒரு மதிப்பு மாட்டிக்கிட்டு நிக்குது."

"அப்ப அவங்க வரதுக்குள்ள மாத்திப்போடுங்க. ஒத்துக்கற மாதிரி பண்ணிருங்க. முடியுமில்ல?"

"புரோகிராம்ல ஒரு வரிதானுங்க" என்றார் பிரபு. விரல் ஏற்கெனவே விசைப்பலகையில் இருந்தது.

"இரு கண்ணு" என்றேன். "தப்பா நிக்குதா, சரியா நிக்குதா? அதை மொதல்ல பாரு."

"ஏனுங்க்கா, இப்ப இதெல்லாம் பாக்க நேரமிருக்குதுங்களா?" என்று சிவகுமார் தலையில் கை வைத்தார். பிரபு உள்ளே போய்ப் பார்த்தார். அந்தச் சில நிமிடங்களில் கீழே சாலையில் போகிற பஸ் சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

"சரியாத்தான் நிக்குதுங்க்கா" என்றார் கடைசியில். "ஏரிக்கரையை ஒடச்சத அந்த நாடு மறக்கல. வரியெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்லீங்க. தண்ணி இல்லாத ஊருக்கு வரி இல்லைன்னு சொன்னா என்ன பண்ணும்?"

"அப்ப எப்படித்தான் ஒத்துக்கும்?" என்று கேட்டேன்.

"கரையைக் கட்டிக் குடுத்தா."

"கட்ட முடியுமா? எதிரி நாட்டுக்குள்ள வேலையாளை அனுப்ப விதி இடம் கொடுக்குமா?"

பிரபு என்னைப் பார்த்தார். "குடுக்கும்னுதான் நெனைக்கறேன். யாரும் செஞ்சு பாத்ததில்லீங்க."

விதி இடம் கொடுக்காவிட்டால் வித்யா இந்த ஆட்டத்தை எந்தக் காலத்திலும் முடிக்க முடியாது. கொடுத்தாலும் அவருக்கு அது தோன்ற வேண்டும். எங்கும் அப்படிச் செய் என்று எழுதியிருக்கவில்லை. நிரலில் ஒரு வரியை மாற்றினால் இந்தப் பயம் முழுவதும் தீரும். மேல்கரை தலையாட்டும், வெற்றிப் படம் வரும், அவர் ரயில் ஏறுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மௌஸைத் தள்ளி வைத்துவிட்டுப் போன அந்த மனிதர் கேட்டது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. செய்ததற்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்றால், கெட்டதாகச் செய்ததற்கும் இருக்க வேண்டும்.

"தொடாதே" என்றேன்.

சிவகுமார் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

வித்யா வந்து உட்கார்ந்தார். இன்னும் இரண்டு மூன்று வகையாக நிபந்தனைகளை மாற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது பக் இல்லையே?"

"இல்லைங்க."

"அப்ப ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. "அது அவங்க முடிவுங்க" என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது. வேகமாக வரைபடத்தைப் பெரிதாக்கி மேல்கரைக்குப் போனார். படையெடுத்து முடித்துவிடலாம் என்றுதான் போனார் என்று நினைக்கிறேன். அங்கே ஏரி இருந்த இடம் தெரிந்தது. வறண்ட ஏரிக்கு அப்பாஸ் ஒரு படம் வரைந்திருந்தார். சின்னப் படம், விரல்நகம் அளவுதான் இருக்கும். பாளம் பாளமாக வெடித்த தரை, நடுவில் ஒரு பரிசல் கவிழ்ந்து கிடக்கும், கரையில் உடைப்பு அப்படியே வாயைத் திறந்துகொண்டிருக்கும். வித்யா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மௌஸ் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முன்னால் நகர்ந்து நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

தன் நாட்டிலிருந்து மண் வெட்டுகிறவர்களைத் தேர்ந்தெடுத்தார். மேல்கரை ஏரிமேல் வைத்துச் சொடுக்கினார்.

திரை நின்றுவிட்டது.

எதுவும் அசையவில்லை. பக்கத்து அறையில் பிரபுவின் நாற்காலி பின்னால் போகிற சத்தம் கேட்டது. முடிந்தது, எல்லாரையும் விழவைத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு அந்தச் சின்ன உருவங்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்து நடக்கத் தொடங்கின.

கரை எழும்பப் பல டர்ன்கள் ஆயின. அதுவரை மூலைப் பொத்தானை யோசிக்காமல் அழுத்தியவர், இப்போது ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்துவிட்டு அழுத்தினார். அவருடைய ஆட்கள் வெளியே போனதால் வடக்கில் இருந்த நாடு எல்லையில் நடமாடத் தொடங்கியது. அதைச் சமாளித்தார். மழைக்காலம் வந்தது, ஏரியில் தண்ணீர் ஏறியது. அடுத்த டர்னில் மேல்கரை தானாகவே சபையைக் கூட்டியது. அவர் முதலில் கேட்ட அதே வரியை அனுப்பினார். மேல்கரை ஏற்றுக்கொண்டது, வெற்றிப் படம் வந்தது.

வித்யா பாட்டிலைத் திறந்தார். தண்ணீர் குடித்தார். "இன்னொரு தடவை முதல்ல இருந்து ஆடணும். இந்தத் தடவை அந்தக் கரையை உடைக்காம" என்றார். மாடிப்படியிலிருந்த சிவகுமாரிடம் நான் போய்ச் சொன்னபோது அவர் எழவில்லை. கையை மட்டும் நீட்டினார், பிடித்துத் தூக்கிவிட்டேன்.

வித்யா கிளம்பும் முன் இரண்டு காரியங்கள் சொன்னார். மூன்றாம் காலத்தை முழுவதுமாக எடுத்துவிடுங்கள், சபைக்குப் பிறகு அது இருந்தால் சபையின் கனம் குறையும். இரண்டாவது, சபையில் ஐந்து நாடுகளுக்கும் முகம் வேண்டும். அதுவரை அங்கே முகங்கள் இல்லை, ஐந்து சாம்பல் நிற வட்டங்கள்தான் இருந்தன. தோல்வியை ஒப்புக்கொள்கிற நேரத்து முகங்கள் வேண்டும் என்றார்.

முதல் விஷயத்தை அப்பாஸிடம் சொல்ல எனக்கு மறுநாள் காலைவரை துணிவு வரவில்லை. அவர் இடத்துக்குப் போனபோது திரையில் மூன்றாம் காலத்தின் கோப்புறை திறந்திருந்தது. காலியாக இருந்தது.

"நானே எடுத்துப்போட்டேனுங்க்கா" என்றார். "பிரபு எடுத்திருந்தா அவருக்குக் கை வந்திருக்காது. ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருப்பாரு."

அந்தக் கோட்டைகள் நன்றாக இருந்தன. நான் இந்தத் தொழிலில் பார்த்தவற்றில் மிக நல்ல வேலைகளில் ஒன்று அது. நன்றாக இல்லாததை எடுத்தோம் என்று நீங்கள் யாரும் நினைத்துவிடக் கூடாது. இதை அவரிடமும் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் அதற்குள் புதிய பக்கத்தைத் திறந்துவிட்டார்.

"முகம் வேணும்னாங்களாம். சிவகுமார் சொன்னாரு."

"ஆமா. தோத்துட்டோம்னு ஒத்துக்கற முகம். ஆனா அழற முகம் வேண்டாம், கோவமும் வேண்டாம். எப்படிச் சொல்றதுன்னு எனக்கே தெரியல அப்பாஸ்."

"தெரியுமுங்க" என்றார் அவர். பிறகு கேட்டார்: "உங்க பையில கண்ணாடி ஒண்ணு இருக்குங்களாக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். அதைத் திரையின் அடியில் சாய்த்து வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தார்.